‘மெயில்ல அனுப்பிடுங்க’ என்று சொல்லும் அரசு அலுவலகங்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வூதியர்களைக் குறிவைத்து நடக்கும் போன் மோசடி பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. ‘கருவூலத்திலிருந்து பேசுகிறோம், உயிர்வாழ் சான்று புதுப்பிக்க வேண்டும்’ என்று ஆரம்பித்து, பிபிஓ (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) நம்பர், ஓய்வு பெற்ற தேதி, வாரிசுதாரர் பெயர் எல்லாவற்றையும் அவர்களே சரியாகச் சொல்லி நம்ப வைத்து, கடைசியில் ஓடிபி மட்டும் கேட்பார்கள். செய்தியின் முடிவில் பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று போலீசார் கேட்டுக்கொண்டதாக ஒரு வரி இருக்கும். சரி, எச்சரிக்கையாக இருக்கலாம். அந்த பிபிஓ நம்பரும் ஓய்வு பெற்ற தேதியும் மோசடிக்காரன் கைக்கு எப்படிப் போனது என்று யாராவது கேட்கிறார்களா? எல்லாமே அரசு அலுவலக மெயில் வழியாகத்தான் கசிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இன்றைக்கு நாம் அரசு அலுவலகங்களுக்கு ஆவணங்களை அனுப்புகிற விதத்தைப் பார்த்தால், கசியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

என் அப்பா மாநில அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மாற்ற வேண்டியிருந்தது. இறப்புச் சான்றிதழ், பிபிஓ, அம்மாவின் ஆதார், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ, மாதிரிக் கையெழுத்து, மொபைல் நம்பர் எல்லாம் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ‘எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்பிடுங்க மேடம்’ என்றார் பிரிவு எழுத்தர். வயதானவரை அலைய வைக்க வேண்டாமே என்ற நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுத் தாளில் மெயில் ஐடி எழுதி வைத்திருந்தார்கள். அலுவலகத்தின் பெயரைச் சுருக்கி, பின்னால் ஒரு வருடத்தைச் சேர்த்து, அட் ஜிமெயில் டாட் காம். அரசு முகவரி எதுவும் இல்லையா என்று கேட்டேன். ‘இருக்கு, ஆனா அதை யாரும் ஓப்பன் பண்றதில்ல, இதுக்கே போடுங்க’ என்று பதில் வந்தது. ஆதாரில் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற பிரதியை நீட்டினேன். ‘ஃபுல் நம்பர் தெரியணும்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஒரு மெயிலில் என்னவெல்லாம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி கோடு, போட்டோ, கையெழுத்து, எல்லாவற்றுக்கும் மேலாக இந்த வீட்டில் ஒருவர் சமீபத்தில் இறந்திருக்கிறார், இங்கே கணவரை இழந்த ஒரு வயதான அம்மா இருக்கிறார், அவருக்கு மாதாமாதம் இவ்வளவு பணம் வரப்போகிறது என்கிற தகவல். ஒருவரைப் போல நடித்து ஏமாற்றுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? கூலி வேலைக்குப் போகிறவர் பெயரில் அவருக்கே தெரியாமல் ஜிஎஸ்டி பதிவு எடுத்து, கோடிக்கணக்கில் வரி கட்டச் சொல்லி வீட்டுக்கு நோட்டீஸ் வந்த கதைகளை உங்கள் பக்கங்களிலேயே படித்திருக்கிறோம். அதற்குத் தேவைப்பட்டது ஆதார் நகலும் பான் நகலும்தான்.

‘மெயில் எல்லாம் என்கிரிப்ட் ஆகித்தான் போகுது’ என்று தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பெரிய நிறுவனங்களின் மெயில்கள் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் போகும் வழியில் பெரும்பாலும் பூட்டப்பட்டுத்தான் போகின்றன, உண்மைதான். ஆபத்து போகிற வழியில் இருப்பதைவிட, போய்ச் சேர்ந்த பிறகுதான் அதிகம். நாம் அனுப்பியது நம் ‘சென்ட்’ பெட்டியில் ஒரு பிரதியாக இருக்கிறது. அவர்கள் இன்பாக்ஸில் ஒன்று. திறந்து பார்த்ததும் அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரில் ஒன்று. மேலதிகாரிக்கு ஃபார்வர்டு செய்தால் அங்கே ஒன்று, அவர் செல்போனில் ஒன்று. பிரிண்டரில் மை தீர்ந்துபோய்ப் பென் டிரைவில் ஏற்றி வெளியே கடைக்கு எடுத்துப் போனால் அங்கேயும் ஒன்று. வேலை முடிந்த பிறகு இவற்றில் எதையாவது அழிக்கும் பொறுப்பு யாருக்காவது இருக்கிறதா? பத்து வருடத்துக்கு முன் அனுப்பிய ஆதார் நகல் இன்றைக்கும் யாரோ ஒருவரின் இன்பாக்ஸில் கிடக்கும், அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு யாரிடம் போய்ச் சேர்ந்தாலும் அத்தனை பேரின் ஆவணங்களும் அவரோடு போகும்.

ஜிமெயில் ஒரு மோசமான சேவை என்று சொல்லவில்லை. கேள்வி, அந்தக் கணக்கு யாருடையது என்பதுதான். அலுவலகத்துக்காகத் திறந்த ஜிமெயில் கணக்கில், பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் மீட்பு எண்ணாக யாரோ ஒரு ஊழியரின் சொந்த செல்போன் எண்தான் இருக்கும். அவர் மாற்றலாகிப் போவார், ஓய்வு பெறுவார், கணக்கு மட்டும் அவர் எண்ணோடு கட்டப்பட்டே இருக்கும். தற்காலிக ஊழியர் ஒருவருக்குப் பாஸ்வேர்டு சொல்லப்பட்டிருக்கும், அவர் வேலையை விட்டுப் போன பிறகு அதை மாற்றியிருப்பார்களா? துறைத் தலைமை நினைத்தால்கூட அந்தக் கணக்கை முடக்கவோ, யார் எப்போது உள்ளே நுழைந்தார்கள் என்று பார்க்கவோ முடியாது. அரசு முகவரி என்றால் இதற்கெல்லாம் ஒரு நிர்வாகி இருப்பார், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இருப்பார். அலுவல் சம்பந்தமான தகவல் தொடர்பு அரசின் மெயில் சேவையில்தான் நடக்க வேண்டும் என்று மத்திய அரசு 2015-லேயே மெயில் கொள்கை வெளியிட்டுவிட்டது. 2025-ல் மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயில் கணக்குகளை நம்ம ஊர் நிறுவனமான சோஹோவின் தளத்துக்கு மாற்றினார்கள், அப்போதும் முகவரி அரசு முகவரியாகவே நீடித்தது. டெல்லியில் அவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்ய முடிகிறபோது, ஒரு தாலுகா அளவிலான அலுவலகம் தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற அரசு முகவரியைத் தினமும் திறந்து பார்ப்பது அவ்வளவு கஷ்டமா?

அப்புறம் இந்தப் பாஸ்வேர்டு விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே இதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ‘டவுன்லோடு பண்ணின ஆதார் பிடிஎஃப்தான் அனுப்பறேன், அதுதான் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கே’ என்பார்கள். அந்தப் பாஸ்வேர்டு என்ன? பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்து, பிறந்த வருடம். எல்லோருக்கும் இதே விதி, ஊருக்கே தெரிந்த விதி. இ-பான் பிடிஎஃப் என்றால் பிறந்த தேதி. அதே மெயிலில் பூட்டாத பாஸ்புக் பக்கமும் இறப்புச் சான்றிதழும் விண்ணப்பமும் போகின்றன, அவற்றில் பெயரும் பிறந்த தேதியும் பட்டவர்த்தனமாக இருக்கின்றன. போதாததற்கு, எழுத்தர் திறக்க வசதியாக இருக்கட்டும் என்று மெயிலின் கீழேயே பாஸ்வேர்டையும் டைப் செய்து அனுப்புகிறவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பூட்டு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஜெராக்ஸ் கடைகளைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் முழுமையாகாது. அரசு அலுவலகத்தில் ‘மெயில்ல அனுப்புங்க’ என்று சொன்னதும் மெயில் பழக்கம் இல்லாதவர்கள் நேராக எதிரே இருக்கிற கடைக்குத்தான் போகிறார்கள். அங்கே நின்று பார்த்திருக்கிறேன். கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஆதார் போட்டோ, அவர் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் எப்போதும் திறந்தே இருக்கிறது, டெஸ்க்டாப் முழுக்க வரிசை வரிசையாக ‘ஆதார் பிரண்ட்’, ‘ஆதார் பேக்’, ‘பாஸ்புக்’, ‘ஸ்கேன்’ என்று ஃபைல்கள், ஒவ்வொன்றும் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடையது. கடையின் மெயில் ஐடியிலிருந்தே அலுவலகத்துக்கு மெயில் போகிறது. என் முன்னால் நின்ற ஒரு பெரியவருக்காக அந்தப் பையன் மெயில் அனுப்பிவிட்டு, ‘போயிடுச்சு தாத்தா, பத்து ரூபா’ என்றான். போய்ச் சேர்ந்ததா, யார் பார்ப்பார்கள், பதில் வந்தால் யாருக்கு வரும் என்று எதுவும் பெரியவருக்குத் தெரியாது. பதில் அந்தக் கடையின் இன்பாக்ஸுக்குத்தான் வரும். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அரசு செய்ய வேண்டிய வேலையை அவர் பத்து ரூபாய்க்குச் செய்கிறார். அந்தப் பெரியவரை அங்கே அனுப்பியது அலுவலகம்தான்.

தபால் பிரிவில் நேரில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை குத்தி ஒப்புகை கொடுப்பார்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் வாங்கினவர் கையெழுத்து வரும் (2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது, பதிவு வசதி மட்டும் அதற்குள் தொடர்கிறது). மெயிலுக்கு அப்படி எதுவும் கிடையாது. பெரும்பாலும் ‘கிடைத்தது’ என்று ஒரு வரிப் பதில்கூட வருவதில்லை. நாம் போன் செய்து கேட்டால் ‘வரலையே, மறுபடி அனுப்புங்க’ என்கிறார்கள், மறுபடி அனுப்புகிறோம், இன்னொரு பிரதி உருவாகிறது. அம்மாவின் விண்ணப்பத்தை நான் கடைசியில் நேரில்தான் கொடுத்தேன். எனக்கு அதற்கு நேரமும் வண்டியும் இருந்தன, வெளியூரில் இருக்கிறவர்கள், உடம்பு முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

ஆதார் எண்ணை முழுசாகக் கேட்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது: ஆதார் நகலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், தவறாகப் பயன்படுத்தப்படலாம், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்று. இரண்டு நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது, வழக்கமான முன்ஜாக்கிரதையோடு பயன்படுத்தினால் போதும் என்றது. அறிவிப்பைத்தான் திரும்பப் பெற்றார்கள், மாஸ்க்டு ஆதார் வசதி இன்றும் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது, டவுன்லோடு செய்யும்போது ஒரு டிக் போட்டால் போதும். ஆணையமே கொடுக்கிற ஒரு வசதியை ஆணையம் சாராத ஓர் அலுவலகம் ‘செல்லாது’ என்று சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? முழு எண் தேவைப்படுகிற வேலைகள் உண்டு, மறுக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் எண்ணை அலுவலரின் திரையில் நேரடியாகப் பதிவு செய்து ஓடிபி மூலமோ கைரேகை மூலமோ சரிபார்க்கலாமே. மெயிலில் வருகிற நகலை வைத்து எதையும் சரிபார்க்கவே முடியாது, போட்டோஷாப் தெரிந்த பையன் அரை மணி நேரத்தில் செய்துவிடுவான்.

அதிலும் கேட்கிற ஆவணங்களில் பாதி அரசே கொடுத்தவை. சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இ-சேவை மூலம் வாங்கியவை, சான்றிதழ் எண்ணைப் போட்டால் உண்மையா பொய்யா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆவணங்களை மின்வடிவில் வைத்துக்கொள்ள மத்திய அரசு தரும் டிஜிலாக்கர் 2015-லிருந்து இருக்கிறது, அதில் வழங்கப்பட்ட ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம். ஒரு துறை கொடுத்த காகிதத்தை மக்கள் ஸ்கேன் செய்து இன்னொரு துறைக்கு மெயிலில் சுமந்துகொண்டு போக வேண்டிய நிலை 2010-ல் புரிந்துகொள்ளக்கூடியது, இன்றைக்கு இல்லை.

தவறு நடந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரத்து உதாரணம் ஒன்று. 2021 செப்டம்பரில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம், தாலிபான்களிடமிருந்து தப்பிக்கக் காத்திருந்த ஆப்கானியர்களுக்கு மெயில் அனுப்பியபோது, எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி ‘டூ’ கட்டத்தில் போட்டு அனுப்பிவிட்டது. அந்த மாதம் அப்படி வெளியானது 265 பேரின் விவரம். உயிர் போகக்கூடிய தவறு. அந்த நாட்டின் தகவல் ஆணையர் அலுவலகம் 2023-ல் தன் சொந்த அரசின் அமைச்சகத்துக்கே 3,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. 2022 பிப்ரவரியில் அதே அமைச்சகத்திலிருந்து, பிரிட்டனில் குடியேற விண்ணப்பித்த சுமார் 19,000 ஆப்கானியர்களின் விவரங்கள் கொண்ட ஃபைல் ஒன்று மெயிலில் தவறாக வெளியே போனது, 2025 ஜூலை வரை அது நீதிமன்றத் தடையாணையால் வெளியே தெரியாமலே இருந்தது. வசதியும் பயிற்சியும் உள்ள இடத்திலேயே மெயில் இப்படிக் கைவிடுகிறது. இங்கே 2017-ல், பெங்களூருவில் இயங்கும் இணையம் மற்றும் சமூக மையம், நான்கு அரசுத் தளங்களிலிருந்து மட்டும் சுமார் 13 கோடி ஆதார் எண்கள் பொதுவெளியில் தெரிந்திருக்கலாம் என்று எழுதியது. அப்போது எந்தத் துறைக்காவது அபராதம் போட்டதாக நான் படிக்கவில்லை.

சட்டம் இல்லையா என்றால், வந்துகொண்டிருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு சொன்னது 2017 ஆகஸ்டில். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது 2023 ஆகஸ்டில். அதன் விதிகள் வெளியானது 2025 நவம்பரில், முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து இன்னும் 18 மாதம். பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம், அந்தப் பணம் அரசின் நிதியத்துக்குத்தான் போகும், பாதிக்கப்பட்டவருக்கு இல்லை. அரசு நினைத்தால் தன் அமைப்புகளுக்கு விலக்கு அறிவித்துக்கொள்ளவும் அதில் இடம் இருக்கிறது. ஆகவே சட்டம் முழுசாக வரட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. துறைகள் தாமாகச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

அதுவரை, வேறு வழியில்லாமல் மெயிலில் அனுப்பியே ஆக வேண்டியவர்களுக்காக, நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முகவரியைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள், துறையின் இணையதளத்திலிருந்தோ அலுவலகக் கடிதத்தின் தலைப்பிலிருந்தோ எடுங்கள். முகவரியின் கடைசியில் ஜிஓவி டாட் இன் அல்லது என்ஐசி டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள், நடுவில் வந்து பின்னால் வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது போலி. நகல் எடுக்கும் தாளின் குறுக்கே ‘குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்று எதற்காகக் கொடுக்கிறீர்களோ அதையும் தேதியையும் பேனாவில் எழுதி, அதன் பிறகு ஸ்கேன் செய்யுங்கள், எழுத்து படத்தின் மேல் படிய வேண்டும், ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, பிறந்த தேதி, பெயர், போன் நம்பர் இல்லாத ஒரு நீளமான பாஸ்வேர்டு போடுங்கள், அதை மெயிலில் எழுதாமல் அலுவலகத்தின் லேண்ட்லைனுக்கு போன் செய்து சம்பந்தப்பட்ட பிரிவில் சொல்லுங்கள். கேட்காத ஆவணத்தை ‘இருக்கட்டுமே’ என்று சேர்த்து அனுப்ப வேண்டாம். ஆதார் தளத்தில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, வயதானவர்களுக்குப் பிள்ளைகள் அதைச் செய்து கொடுக்கலாம், தேவைப்படும் நேரத்தில் திறந்துகொள்ளலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், முதல் சில மணி நேரத்தில் அழைத்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

இதையெல்லாம் எழுபது வயது அம்மா ஒருவர் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்க்கவும் கூடாது. ஆவணத்தைக் கேட்கிறவர்தான் அதை வாங்கிக்கொள்ளப் பத்திரமான வழியையும் தர வேண்டும். தமிழ்நாடு மின் ஆளுமை முகமை இத்தனை சேவைகளுக்கு இ-சேவையில் ஆவணம் பதிவேற்றும் வசதி செய்திருக்கிறது. அதே போல எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக ஒரு பதிவேற்றும் பக்கம் வேண்டும், விண்ணப்ப எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போய் ஆவணத்தைப் போட்டால், ஒப்புகை எண் செல்போனுக்கு வர வேண்டும், உள்ளே யார் திறந்து பார்த்தார்கள் என்று பதிவாக வேண்டும், கோப்பு முடிந்து குறிப்பிட்ட காலத்தில் தானாக அழிய வேண்டும். அது வரும்வரை தகவல் தொழில்நுட்பத் துறையும் நிதித் துறையும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை விடலாம்: பொதுமக்களிடம் ஆவணம் கேட்கும் எந்த அலுவலகமும் தனியார் மெயில் ஐடியையோ ஊழியரின் சொந்த வாட்ஸ்அப் எண்ணையோ கொடுக்கக் கூடாது, அரசு முகவரியைத் தினமும் திறந்து பதில் போடப் பெயர் சொல்லி ஒருவரை நியமிக்க வேண்டும், சட்டப்படி முழு எண் கட்டாயம் இல்லாத இடங்களில் மாஸ்க்டு ஆதாரை மறுக்கக் கூடாது, நேரில் கொண்டுவந்து கொடுப்பவரை ‘மெயில்ல போடுங்க’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஏற்கெனவே அந்த ஜிமெயில் கணக்குகளில் குவிந்து கிடக்கிற ஆவணங்களை என்ன செய்யப் போகிறார்கள் என்றும் அந்தச் சுற்றறிக்கையில் இருக்க வேண்டும். ஓய்வூதியர் சங்கங்கள் இதை அடுத்த குறைதீர் கூட்டத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வூதியர் ஒருவரின் மகள்,
தஞ்சாவூர்.